இருநூற்று எண்பது கணினிகளும் தனபாலனும்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும்,

போன வாரம் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய திட்ட அறிக்கையை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தேன். ஆலையில் உள்ள எல்லாக் கணினிகளையும் எடுத்துவிட்டு, மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் புதியவற்றை வைக்கப் போகிறீர்கள். பூமிக்கும் நல்லது, ஆலைக்கும் நல்லது என்று முதல் பக்கத்திலேயே பச்சை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இலைப் படம் வேறு. "மேடம், நீங்க முன்ன செஞ்ச புரொஜெக்ட்தான் எங்களுக்கு மாடல். ரெண்டு வரி வாழ்த்து எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு வரிதானே என்று உட்கார்ந்தேன். வரவில்லை. பேனாவை எடுத்தால் தனபாலனின் முகம்தான் வந்து நிற்கிறது. உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் அவர். ஆகவே வாழ்த்துக்குப் பதிலாக இதைப் படியுங்கள். நீளமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

பாசிர் கூடாங்கில் நம் எண்ணெய் ஆலைக்கு நானும் தனபாலனும் ஒரே மாதத்தில் வேலைக்கு வந்தோம். நான் ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவள். அவர் கூலாய் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஒரே வயது. பிறகு நான் பிரிவுக்குத் தலைவியானேன், அவர் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராகவே இருந்தார். அந்த வித்தியாசம் தாளில்தான் இருந்தது. காலையில் பசியாற இருவரும் ஒன்றாகத்தான் கேண்டீனுக்கு இறங்குவோம். அவர் வீட்டு நெத்திலிச் சம்பலில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். பதினோரு வருடம் அப்படி ஓடியது.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கணினியைத் திறந்தாலும், மூடும்போது அதன் மூடியின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு குறிப்பு எழுதிவிடுவார். அதுவும் தமிழில். 'எலி கடித்த வயர் மாற்றியது. கேண்டீன் பக்கம் வைக்க வேண்டாம்.' 'இடி விழுந்த வாரம். பிழைத்துக்கொண்டது.' 'இதை உதைக்கிறார்கள் என்று சந்தேகம்.' அந்த மூடிகளைத் திறக்கிற ஒரே ஆள் அவர்தான். பிறகு யாருக்காக எழுதுகிறீர்கள் என்று நான் கேலி செய்வேன். "மெஷினுக்குத்தான். அதுக்கும் ஒரு ஜாதகம் வேணாமா?" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிரிவும் மின்சாரத்தைக் குறைக்க ஒரு பசுமைத் திட்டம் கொடுக்க வேண்டும், சிறந்ததற்கு விருது உண்டு. நான் பிளக்கில் சொருகி அளக்கும் ஒரு சின்ன மீட்டரை வாங்கினேன். டாக்டர் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். பழைய கணினி எவ்வளவு இழுக்கிறது, மாதிரிக்கு வந்த புதியது எவ்வளவு இழுக்கிறது என்று குறித்தேன். புதியது மூன்றில் ஒரு பங்குகூட இழுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருநூற்று எண்பது கணினிகளையும் மாற்றினால் ஆலைக்கே பேர் வரும் என்று அன்று மாலையே அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.

தனபாலன் படித்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"ரோஸ்லின், நீங்க பிளக்குல சொருகினதுக்கு அப்புறம் உள்ளத மட்டும்தான் அளந்திருக்கீங்க. அதுக்கு முன்னாடி உள்ளத யாரு அளக்கிறது?"

"முன்னாடி என்ன இருக்கு?"

"மண்ணத் தோண்டணும், உருக்கணும், சில்லு செய்ய எவ்ளோ தண்ணி, எவ்ளோ கரண்டு! அப்புறம் கப்பல்ல ஏத்தி இங்க கொண்டு வரணும். நாம சுவிச்சு போடுறதுக்கு முன்னாடியே அது நெறைய தின்னுட்டுத்தான் வருது. இந்தப் பேப்பரு நான் எழுதினது இல்ல, மெஷின் செய்யிற கம்பெனிக்காரனே அவன் வெப்சைட்ல போட்டிருக்கான். பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னது அதில் இருந்தது. நம் ஆலையில் கணினி ஓடும் நேரத்தை வைத்து அவர் கீழே பென்சிலால் போட்டிருந்த கணக்கும் எனக்குப் புரிந்தது. நாம் மிச்சம் பிடிக்கும் மின்சாரம், புதுக் கணினியைச் செய்ய ஆன மின்சாரத்தை ஈடுகட்டுவதற்குள் அந்தக் கணினியே பழசாகிவிடும். அவர் ஒன்றும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. பானை மாதிரி திரை வைத்த நாற்பது கணினிகளை மாற்றலாம் என்று அவரே எழுதியிருந்தார். மற்றதற்கெல்லாம் நினைவகத்தைக் கூட்டி, வன்வட்டை மாற்றி, வேலையில்லாதபோது தானாகத் தூங்கும்படி அமைத்துவிட்டால் போதும் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. காரணம் சொல்லிவிடுகிறேன். மறுநாள் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். "ஒரே பக்கம், ஒரே நம்பர், தெளிவா இருக்கணும்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். என்னிடம் அந்த ஒரு நம்பர் இருந்தது, அழகாகவும் இருந்தது. தனபாலனின் தாளையும் சேர்த்தால் இரண்டு நம்பர் ஆகிவிடும். கேள்வி கேட்பார்கள். எனக்குக் கேள்வி வேண்டியிருக்கவில்லை, கைத்தட்டல்தான் வேண்டியிருந்தது.

அந்த எரிச்சலில் சொன்னேன்: "புது மெஷின் வந்தா ரிப்பேர் வேலை இருக்காதுன்னு பயப்படுறீங்க. அதுக்குத்தானே இவ்ளோ கதை?"

அவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்த திருப்புளியை மேசை இழுப்பறையில் வைத்து மெதுவாக மூடினார். "தே ஓ குடிக்கப் போறேன், வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. அவர் வாய் மூடிவிட்டதால் நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

விருது கிடைத்தது. கண்ணாடியில் செய்து பேர் பொறித்தது. வரவேற்பறை அலமாரியில் வைத்தார்கள், நானும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

கணினிகள் வந்து இறங்கிய நாளில் சரக்கு மேடையில் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளை நுரைக் கட்டி, வயருக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை, அந்தப் பைக்கு இன்னொரு பை. பிரித்துப் போட்ட குப்பை லோரியைவிட உயரமாக நின்றது. சரி, முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். கணக்குப் பிரிவில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆளே இல்லை, அத்தனை திரையும் எரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். கேட்டால், "இது கரண்டு சேவ் பண்ற மெஷின்தானே லா, அப்புறம் எதுக்கு அணைக்கணும்?" என்றார்கள். சிலருக்கு இரண்டு திரை வேண்டுமாம், அதையும் என்னிடமிருந்தே வாங்கியிருந்தார்கள். என் அழகான நம்பர் இப்படியே கரைந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பழையவற்றைப் பலகைமேடைகளில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, ஒரு குத்தகைக்காரரிடம் கொடுத்தோம். அவரிடம் உரிமம் இருந்தது, நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அது சேகரிக்க மட்டும் கொடுத்த உரிமம், பிரித்தெடுக்கக் கொடுத்தது அல்ல. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். 'எங்கே கொண்டுபோகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். லோரி கிளம்ப அவசரப்பட்டது, மேலே கூட்டம் காத்திருந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தனபாலன் சற்றுத் தள்ளி நின்று லோரி வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'பழுதுபார்ப்புத் தேவை பெருமளவு குறையும்.' கணக்கு அழகாக இருக்கட்டும் என்று நானே சேர்த்த வரி. தலைமையகத்தில் யாரோ அதை அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறார்கள். நான்கே மாதத்தில் தனபாலனின் பதவி நீக்கப்பட்டது. கொதிகலன் பக்கம் ஷிப்டு வேலை தருவதாகச் சொன்னார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். மனிதவள அதிகாரி என்னிடம் என் அறிக்கையையே நீட்டி, "நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார்.

அவர் கடைசியாக வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நண்பகலில் கிளம்புகிறார் என்று எனக்குத் தெரியும். கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம், மூன்று மாடிப் படிதான். போகவில்லை. முகத்தைப் பார்க்கப் பயம். திரும்பி வந்தபோது மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய சாவிகள் என் மேசைமேல் இருந்தன. அன்றிலிருந்து நான் காலையில் தனியாகத்தான் பசியாறினேன். முதல் வாரம் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து உட்கார்ந்தேன், அதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கோத்தா திங்கி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைக் காட்டில் கணினிகளைக் கொட்டி எரிக்கிறார்கள், சில பெட்டிகளில் உங்கள் ஆலையின் ஸ்டிக்கர் இருக்கிறது, வந்து அடையாளம் சொல்லுங்கள் என்றார்.

போனேன். மழை பெய்து விட்டிருந்தது. காரை விட்டு இறங்குவதற்கு முன்பே வாடை தொண்டையைப் பிடித்தது. வயரை எரித்து உள்ளே இருக்கும் செம்பை எடுத்திருக்கிறார்கள். கணினிக்குள் இருக்கும் பச்சைச் சுற்றுப் பலகைகளை ஏதோ அமிலத்தில் ஊறவைத்த பீப்பாய்கள் கவிழ்ந்து கிடந்தன. ஓரமாக ஓடிய பாரிட், நம் ஊர்ப் பக்கம் வயலுக்கும் தோப்புக்கும் வெட்டுகிற வாய்க்கால்தான், கறுப்பாக எண்ணெய் மினுமினுப்போடு நின்றது. அந்தப் பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் அஞ்சலை அக்கா என்று ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் உங்க ஆபீஸ் சாமானா?"

"ஆமாக்கா."

"நல்லாத்தானே இருந்திருக்கும். எங்க ஆடுங்க இந்தப் பாரிட் தண்ணியில வாய வைக்க மாட்டேங்குதும்மா. ரெண்டு குட்டி செத்துப் போச்சு. கெணத்துத் தண்ணியும் ஒரு மாதிரி நாறுது. இனிமே குடிக்கலாமா, சொல்லுங்க. படிச்சவங்கதானே நீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. மின்சாரம் பற்றி ஒரு பக்கம் எழுதி விருது வாங்கியவளுக்கு, ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி குவியலிலிருந்து ஒரு மூடியைப் புரட்டிக் காட்டினார். உள்பக்கம் புகை படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். 'நினைவகம் கூட்டியது. இன்னும் அஞ்சு வருசம் தாராளமாக ஓடும்.' தனபாலனின் கையெழுத்து. அடுத்ததைப் புரட்டினேன், அதிலும் இருந்தது. சேற்றில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தேன். அந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். தமிழ் தெரியாது. நான் அழுவதைப் பார்த்து அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஆலைக்குத் திரும்பியதும் மேலாளர் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், பயந்துபோயிருந்தார். "ஸ்டிக்கர யாரு வேணும்னாலும் ஒட்டியிருக்கலாம், எரிஞ்சது நம்மதான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு ஒரு லெட்டர் எழுதுங்க. உங்க கையெழுத்து போதும்" என்றார். நாளை காலைக்குள் வேண்டும் என்றார். எழுதினால் ஆலை தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். அப்போது எனக்குப் பதவி உயர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மூடிகளைப் படித்துவிட்டு வந்த கை பொய் எழுத மறுத்தது. இவை நம்முடையவைதான், எங்கே போகின்றன என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனது. கண்ணாடி விருதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆலை லோரி அனுப்பி, அள்ள முடிந்ததை முறையான இடத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. மண்ணுக்குள் இறங்கியதை யாராலும் அள்ள முடியவில்லை. அடுத்த முறை நான் போனபோது அஞ்சலை அக்கா ஆடுகளை விற்றுவிட்டு மாசாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தனபாலன் மெர்சிங்கில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஓர் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். உடனே போகவில்லை. மூன்று முறை காரை எடுத்துக்கொண்டு பாதி வழியில் இருக்கும் கோத்தா திங்கிவரை போய், ஓர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நான்காவது முறை போய்ச் சேர்ந்தேன். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து அப்படியே கிளம்பிய துணிச்சல்.

ஈர பூட்ஸோடு வெளியே வந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். "அலமாக், ரோஸ்லினா!" என்று சிரித்தார். படகுத்துறை பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மூடிகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தனா. வேலைக்குப் பயந்து பேசுறீங்கன்னு."

அவர் கண்ணாடிக் குவளையைத் தள்ளி வைத்தார்.

"நீங்க சொன்னது பொய்யில்ல ரோஸ்லின். பாதி அதுதான். ரெண்டு புள்ளைங்க படிச்சுக்கிட்டு இருந்துச்சு, வேல போயிடுமேன்னு பயந்தேன். பயத்துலதான் அந்தப் பேப்பரையே தேடிப் பிடிச்சேன். ஆனா பேப்பர்ல இருந்தது சரிதானே? அந்த மீதிப் பாதிய நீங்க கேக்கவே இல்லியே."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார், அந்த ஆறுதலுக்கு எனக்குத் தகுதியில்லை. திரும்பி வந்துவிடுங்கள், உங்களுக்காகப் பேசுகிறேன், பழுதுபார்க்கும் பதவியை மறுபடி கொண்டுவரச் சொல்கிறேன் என்று மட்டும் கெஞ்சினேன்.

"இங்க ஒரு மெஷின் நின்னா அத்தன படகு மீனும் கெட்டுப்போகும். அங்க நான் இல்லாம எல்லாம் ஓடுதுல்ல?"

"ஓடுது" என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்புறம் என்ன லா?" என்று எழுந்தார். படகு ஒன்று ஐஸுக்கு வந்து காத்திருந்தது. கார்வரை வந்து வழியனுப்ப அவருக்கு நேரமில்லை. இரண்டு பொட்டலம் கெரோப்போக், அந்தப் பக்கத்து மீன் அப்பளம், வாங்கிக் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த அறையில் வேலை பார்த்தேன். பக்கத்து மேசைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள், எல்லாரும் கெட்டிக்காரர்கள். நான் என்ன எழுதினாலும் "சரி மேடம்" என்றார்கள். வேண்டுமென்றே தப்பாக ஒன்றை எழுதிக் காட்டினேன், அதற்கும் சரி என்றார்கள். தனபாலன் இருந்திருந்தால் தாளைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார். நான் எரிந்து விழுந்திருப்பேன். அந்தச் சண்டைக்கு என் மனம் எப்படி ஏங்கியது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மாற்ற வேண்டியவை இருக்கும், மாற்றுங்கள். ஆனால் பிளக்கில் சொருகிய பிறகு மிச்சமாவதை மட்டும் எழுதாதீர்கள், அது செய்யப்படும்போதே தின்றுவிட்டு வந்ததையும் எழுதுங்கள். நினைவகத்தைக் கூட்டினால் இன்னும் எத்தனை கணினி சில வருடம் ஓடும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். புதியதைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா, அல்லது எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிட்டார்களா என்று விற்பவனிடம் கேளுங்கள். பழையவை போகிற லோரிக்குப் பின்னாலேயே உங்களில் ஒருவர் காரில் போய், அது கடைசியில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் வேலை கெடும், கெடட்டும். யாராவது மறுத்துப் பேசினால், அவருக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் யோசிக்காதீர்கள். லாபம் இருந்தாலும் இருக்கட்டும், சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள்.

உங்கள் அறிக்கையில் என்னை நிறுத்தியது கடைசிப் பக்கம்தான். 'அனைவரும் ஒருமனதாக ஆதரிக்கிறோம்' என்று எழுதி, கீழே ஐந்து பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து பெயரையும் படித்து முடித்த பிறகும், இருக்காது என்று தெரிந்தும், ஆறாவதாக ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.